நிலைக்கு மேல் ஓர் இடுக்கு

பழைய பிளேடைப் பிடித்திருந்த வலது கை குளியலறைக் கதவு நிலையின் மேல்விளிம்புக்குப் போனது. கோமதிநாயகம் அதை அனுப்பவில்லை. அதுவாகத்தான் போனது. இடது கன்னம் முடிந்து, வலது கன்னத்தில் நுரை அப்படியே இருக்கும்போது பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கத் தொடங்கியதால், ரேசரின் பிடியைத் திருகிப் பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, புதியதின் மெழுகுக் காகிதத்தில் பழையதைச் சுற்றியிருந்தார். இதெல்லாம் நடக்கும்போது அவர் மனசு வேறு எங்கோ இருந்தது. தை பிறந்தும் குளிர் விடவில்லையே என்றோ, இரண்டாவது ஷிப்டுக்குப் போகும்போது சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்றோ, ஏதோ ஒன்று. நிலைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு. வீட்டுக்காரர் மரக்கதவைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கதவு போட்டபோது சரியாகப் பூசாமல் விட்ட இடம். விரல் நுனி போகும், விரல் போகாது. பிளேடு அதில் வழுக்கிக்கொண்டு போய், உள்ளே கிடக்கும் மற்ற பிளேடுகள் மேல் உரசி, ‘சர்க்’ என்று நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் கை கீழே இறங்கும். இன்று சத்தம் வரவில்லை. பிளேடு போய்க்கொண்டே இருந்தது. சுற்றியிருந்த காகிதத்தின் ஓரம் மட்டும் விரலில் மிஞ்ச, நுனிவிரல் வெறும் சிமெண்டைத் தொட்டது. தூசி இல்லை, மணல் இல்லை. துடைத்து வைத்ததுபோல் சில்லென்று, வழுவழுவென்று இருந்தது. கை அங்கேயே நின்றது. அப்போதுதான் அவர் தன் கையை அண்ணாந்து பார்த்தார். இது என்ன, இந்தக் கை இங்கே என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

இங்கே பிளேடு இருந்தது. இவ்வளவு காலமும் இங்கே இருந்தது. ஆடி மாதம் இருந்தது. மகள் மதியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது இருந்தது. அன்று சாயங்காலம் அவரும் மனைவி செண்பகமும் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தபோதும், அவர் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், மகள் தினமும் குளிக்கிற இடத்தில், இதே இடுக்கில் ஒரு கத்தை பிளேடு இருந்தது. இருந்ததோடு போகவில்லை. அதற்குப் பிறகும் அவர் போட்டிருக்கிறார். ஆவணியில் போட்டிருக்கிறார், புரட்டாசியில் போட்டிருக்கிறார், தீபாவளிக்கு முந்தின நாள் எண்ணெய் தேய்க்கும் முன்பு சவரம் செய்தாரே, அன்றும் போட்டிருப்பார். போட்டது ஒன்றாவது நினைவில் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. ஒரு தடவைகூட இல்லை. சோறு பிசைந்த விரல்களைக் கடைசியாக நக்கியது எந்த வேளையில் என்று கேட்டால் எப்படிச் சொல்வது, அப்படி. ஆனால் போட்டிருக்கிறார். வேறு எங்கே போயிருக்கும் அத்தனை பிளேடும்? கையைக் கீழே இறக்க வேண்டும் என்று தோன்றியது. இறக்கினால் நடந்தது நடந்ததாகிவிடும் போலவும், இப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் எதுவும் தீர்மானமாகவில்லை போலவும் இருந்தது. புஜம் வலித்தது. இறக்கினார். பழைய பிளேடு காகிதத்தோடு அவர் கையிலேயே வந்துவிட்டது.

டாக்டர் அம்மா சொன்னது காதில் கேட்டது. மெல்லிய குரல், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். காரணத்தை இப்போது தோண்டாதீர்கள், அவளாகச் சொல்கிறபோது கேளுங்கள், வீட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி எதையும் வைக்காதீர்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்த பிள்ளை பிழைத்து வந்தால் அது இரண்டாவது தடவை பிறந்த பிள்ளை, பச்சைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டார்களே. காய் நறுக்குகிற கத்தி, மதியின் கத்தரிக்கோல், செண்பகத்தின் தலைவலி மாத்திரை, பினாயில் பாட்டில் எல்லாம் பீரோவுக்குள் போயின. துணி வெட்டும்போது மட்டும் கத்தரி செண்பகத்தின் கண் முன்னால் வெளியே வரும். பீரோச் சாவி செண்பகத்தின் தாலிச் சரட்டில் ஊக்கோடு தொங்கியது. அரிவாள்மனை எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் வீட்டுக்குப் போனது. டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் செண்பகம் முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும்போதெல்லாம், “வா, வா. உங்க வீட்டு அரிவாமனைக்கு எங்க வீட்டுல மாப்பிள்ளை விருந்து நடக்குது, நீ வந்து பரிமாறிட்டுப் போ” என்று சிரிக்கும். வீட்டில் வெண்டைக்காயைக் கையால் ஒடித்துத்தான் குழம்பு வைத்தார்கள். குளியலறைத் தாழ்ப்பாளை அவரே திருப்புளி கொண்டு கழற்றினார். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கதவுக்கு மேல் துண்டைப் போடுவது என்று ஏற்பாடு. மதி குளிக்கப் போனால் செண்பகமோ அவரோ வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். வாளியில் மக்கு முங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கூப்பிட வேண்டும். அவருடைய ரேசர் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் இருக்கும். புதுப் பிளேடுகளோ வீட்டிலேயே கிடையாது, டிப்போவில் அவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் வரும். வந்தது சரி. போனது எங்கே என்று ஒரு நாளாவது யோசித்தாயா, கோமதிநாயகம்? வருவதை மட்டும் காவல் காத்தாய். வெட்டி முடித்ததும் அது செத்துப்போய்விட்டது என்று நினைத்தாயா? ஒரு தாடிக்கு மழுங்கிய பிளேடு மற்ற எல்லாவற்றுக்கும் மழுங்கியதா?

டிப்போவில் அவர் பிரேக் செக்‌ஷன். வண்டி வெளியே போகும் முன்பு கடைசியாகக் கை வைத்துப் பார்ப்பவர் அவர். “அண்ணாச்சி கை வெச்சா பிரேக்கே வாயத் திறந்து குத்தத்த ஒத்துக்கிடும்” என்பான் டிரைவர் மரியசூசை. தேய்ந்த லைனிங்கை அவர் விரல் கண்டுபிடிக்கும். குழாயில் மயிரிழை வெடிப்பை விரல் கண்டுபிடிக்கும். இருட்டில், கிரீஸுக்குள், கண் போகாத இடத்துக்கெல்லாம் இந்த விரல் போயிருக்கிறது. அந்த விரல்தான் வாரம் தவறாமல் இங்கே வந்து போயிருக்கிறது, வந்துபோனதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். விரலைக் குற்றம் சொல்லி என்ன. மதுரையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாட்ஜ் அறையில் கூட இருந்தவன் ஒருத்தன் சொன்னான்: குப்பையில போடாதீங்க, இலையோட சேர்த்து மாடு தின்னுரும், குடல் அறுந்துரும், நிலைக்கு மேல செருகிருங்க. நல்ல புத்தியாகப் பட்டது. அந்த லாட்ஜில் எல்லா அறையிலும் நிலைக்கு மேல் ஆறேழு பேருடைய பிளேடு துருப்பிடித்துக் கிடக்கும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் சாமி படத்துக்கு ஆணி அடிப்பதற்கு முன்பே அவர் கை பிளேடுக்கு ஓர் இடுக்கைத் தேடிக்கொள்ளும். மாட்டுக்காகத்தான். முகம் தெரியாத தெரு மாட்டின் குடலுக்காக இத்தனை வருஷம் கவலைப்பட்ட கை. சிரிப்பு வந்தது.

சரி. இருந்தது. இப்போது இல்லை. அதுதானே விஷயம், அதை விட்டுவிட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறாய். இப்போது இல்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். பல்லி எடுக்காது. எலி எடுக்காது. போகிக்கு வீடு ஒழித்தபோது செண்பகம் எடுத்திருப்பாளா? எடுத்திருந்தால் சும்மா விட்டிருப்பாளா, அன்றைக்கே தலையிலடித்துக்கொண்டு இதே வாசலில் உட்கார்ந்திருப்பாள். தவிர, போகிக்குப் பிறகு ஒரு தடவை சவரம் செய்தார், பொங்கலன்று காலையில். அன்று ‘சர்க்’ கேட்டது. கேட்டதா? கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் கை இறங்கியிருக்காது, இன்றைப்போலவே நின்றிருக்கும். அப்படியென்றால் பொங்கலுக்கும் இன்றைக்கும் நடுவில். செண்பகம் எடுத்தாளா என்று இப்போதே குரல் கொடுத்துக் கேட்டுவிடலாம். அவள் எடுக்கவில்லை என்றால்? ‘எதை எடுத்தியான்னு கேக்கிய?’ என்பாள். அதற்கு என்ன பதில்? இந்த ஆறு மாதமாக உன் மகள் குளிக்கிற இடத்தில் நான் பிளேடு சேர்த்து வைத்திருந்தேன் என்றா? தாலிச் சரட்டில் சாவியைக் கோத்துக்கொண்டு தூக்கத்தில்கூட அதைப் பிடித்துக்கொண்டு படுக்கிறவளிடமா? மதியிடம் கேட்கலாமா? அவள் எடுக்கவில்லை என்றால், அங்கே இருந்தது என்று அவளுக்கு நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். எடுத்திருந்தால். அந்த வாக்கியத்தை அவரால் அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. எடுத்திருந்தால் என்று தொடங்கி அங்கேயே நின்றது. மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. செயின் கழன்ற சைக்கிளில் மிதித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“ஏங்க, உள்ள என்ன செய்யுதிய? சவரந்தானா, இல்ல மாப்பிள்ளை அலங்காரமா?” அடுப்படியிலிருந்து செண்பகம் சத்தம் போட்டாள். “துண்டு தொங்கிக்கிட்டே இருக்கு. பிள்ள குளிக்கணும்.”

“வாரேன்” என்றார். குரல் சரியாக இருந்ததுபோல்தான் பட்டது. மிக்சி ஓடத் தொடங்கியது, அவள் சந்தேகப்படவில்லை.

மிக்சி நின்றதும் தையல் மிஷின் சத்தம் கேட்டது. முன்னறையில் மதி மிதித்துக்கொண்டிருந்தாள். கடகடவென்று ஓடி, நின்று, இரண்டு தையல் தயங்கி, மறுபடி ஓடியது. அது ஓடுகிற வரைக்கும் பயமில்லை. இரண்டு காலும் மிதித்துக்கொண்டு, இரண்டு கையும் துணியைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மிஷின் ஓடும்போது மனுஷனுக்கு மூன்றாவது கை கிடையாது. இந்த எண்ணம் அவருக்குப் பெரிய கண்டுபிடிப்புபோல் இருந்தது, உடனே கேவலமாகவும் இருந்தது. பெற்ற மகளின் கையைக் கணக்குப் பார்க்கிற புத்தி. அந்தக் கை என்ன செய்தது? கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ஜெபமணி டீச்சரின் ஜாக்கெட்டில் தோள் தையல் தப்பிப்போய், பிரித்துத் தைக்க வேண்டி, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரிடம் வந்து நின்றாள். “அப்பா, தையல் பிரிக்கணும். அரை பிளேடு ஒண்ணு இருந்தா குடுங்க.” எல்லா வீட்டிலும் கேட்பதுதான். பிளேடை நடுவில் ஒடித்து, ஒரு பாதியில் தையல் பிரிப்பதும் நகம் வெட்டுவதும் பென்சில் சீவுவதும் இல்லாத வீடு எது. சின்ன வயதில் அவரே எத்தனை தடவை ஒடித்துக் கொடுத்திருக்கிறார், காகிதத்தைப் பாதியில் சுற்றி, பார்த்துப் பிடி கண்ணு என்று சொல்லி. அன்று அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. “வீட்டுல பிளேடு கிடையாதேம்மா” என்றார். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். “சரிப்பா” என்றாள், லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது. “பல்லால பிரிச்சுக்கிடுதேன்.” அப்புறம் அவள் முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகக் கடித்து இழுப்பதை அவர் பேப்பரின் ஓரத்தில் பார்த்தார். நூல் உதட்டில் ஒட்டியிருந்தது. அப்போது பாவமாக இருந்தது, ஆனால் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டோம் என்ற நிம்மதியும் இருந்தது. வீட்டில் பிளேடு கிடையாது. எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாய். அவள் நின்றாளே, கொஞ்ச நேரம், ஏன் நின்றாள்? அந்தச் சிரிப்பு எதற்கு? அவளுக்குத் தெரியுமா? அப்போதே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் கேட்டாளா?

பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஈரத்தில் அது லேசாக வழுக்கி, சரிந்து, நின்றது. இடுக்கு முகத்துக்கு நேராக வந்தது. உள்ளே பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் அப்படி ஓர் ஒன்றுமில்லை. ஈரத்துணி விட்டுத் துடைத்த கோடுகூட சிமெண்டில் தெரிந்தது. மூலையில் ஒரு துருக்கறை, பழைய பிளேடு ஒன்றின் அச்சு, நடுத் துளையோடு. மற்றபடி சுத்தம். அவசரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறவர் துடைப்பாரா? துடைக்க மாட்டார். மறைக்க நினைக்கிறவர் துடைப்பார். தூசியில் விரல் தடம் தெரியாமல் இருக்கத் துடைப்பார். அவ்வளவு நிதானம் உள்ளவர்கள்தான் பயப்பட வேண்டியவர்கள் என்று எங்கோ கேட்டதோ படித்ததோ. ஆடியில்கூட அன்று காலையில் அவள் வீட்டைப் பெருக்கி, துணியை மடித்து வைத்திருந்தாள். செண்பகம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள், எவ்வளவு அழகா மடிச்சு வெச்சிருந்தா பாருங்க என்று. பிளேடு எவ்வளவு மெல்லிசு. தலையணை உறைக்குள் இருந்தால் தெரியுமா? மிஷின் பெட்டிக்குள், ஊசி நூலோடு ஊசி நூலாக? ஒரு புத்தகத்தின் அட்டைக்குள்? ஒரு கத்தைப் பிளேடை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள், ஒன்று போதுமே. ஒன்று போதும் என்று நினைத்த கணத்தில் தன் தலையையே நிலைச் சட்டத்தில் மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியில் ஓர் ஆள் தெரிந்தான். முக்காலியின் மேல் நின்றபடி, ஒரு கன்னம் வழித்து, ஒரு கன்னம் காய்ந்த நுரையில் வெடிப்பு விட்டு, கோமாளி வேஷம் கட்டப் பாதியில் எழுந்து வந்தவன்போல் இருந்தான். அந்த ஆள் கையில் ஒரு பிளேடு இருந்தது. வீட்டில் இப்போது பிளேடோடு இருப்பவன் இவன் ஒருத்தன்தான் என்று தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மிஷின் நின்றிருந்தது.

எப்போது நின்றது? அவர் கவனிக்கவில்லை. துணியைத் திருப்புகிறாளாக இருக்கும். நூல் அறுந்திருக்கும், கோக்கிறாள். கோக்க இவ்வளவு நேரமா? நூல்கண்டு மாற்றுகிறாள், சிவப்பு தீர்ந்து பச்சை. ஓடு என்று மனசுக்குள் சொன்னார். ஒரே ஒரு தையல். செண்பகம் அடுப்படியில் ஏதோ தாளித்தாள், கடுகு வெடித்தது, அந்தச் சத்தத்தில் மற்றது எதுவும் கேட்காமல் போனது. இந்தக் கடுகை இப்போதுதானா வெடிக்க வைக்க வேண்டும். இறங்கி ஓட வேண்டும், கதவைத் திறந்தால் பத்தடிதான் முன்னறை. கால் முக்காலியிலேயே ஒட்டிக்கொண்டது. ஆடியில் அப்படித்தான், அந்த அறைக் கதவுக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. செண்பகம்தான் அவரை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அதை அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம். கடுகு அடங்கியது. முன்னறையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை. பிறகு கேட்டது, மிக அருகில், கதவுக்கு அந்தப் பக்கத்தில் பாதம் வந்து நிற்கிற சத்தம்.

“அப்பா.”

அவர் வாயைத் திறந்தார். நுரை காய்ந்த கன்னம் இழுத்தது.

“முக்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சு” என்றாள் மதி. “நிலைக்கு மேல தேடுதீங்களா?”

சுவரைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் அவள் கேட்டிருக்கலாம்.

“தேடாதீங்க. நான்தான் எடுத்தேன்.”

“எடுத்தியா” என்று அவர் வாய் சொன்னது. அவருக்கே கேட்டிருக்காது.

“எல்லாத்தையும் எடுத்துட்டேன். மொதல்ல கீழ இறங்குங்க, ஈரத்துல வழுக்கும். இறங்கிட்டீங்களா?”

இறங்கினார். கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் இல்லாத கதவு, துண்டோடு சேர்ந்து ஆடியபடி திறந்தது. மதி நின்றாள், கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் டேப், நைட்டியின் முன்பக்கமெல்லாம் நூல் துணுக்குகள். அவர் கண் முதலில் அவள் முகத்துக்குப் போகவில்லை. மணிக்கட்டுக்குப் போனது. இரண்டு மணிக்கட்டுக்கும் போய்விட்டுத்தான் முகத்துக்கு வந்தது. அது போய் வந்த வழியை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஒண்ணுமில்லப்பா” என்றாள்.

“எப்பம்மா பாத்த?”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்து மொத நாள் குளிச்சப்பவே. தலைக்கு ஊத்த அண்ணாந்தேன், அங்கன மினுங்குச்சு. நீங்க கத்தியை எடுத்துப் பூட்டுனீங்க, தாப்பாளைக் கழத்துனீங்க. இதை மறந்துட்டீங்க.” குற்றம் சொல்கிற குரலாக இல்லை. தையல் தப்பிய இடத்தைக் காட்டுகிற குரல். “அப்புறமும் போட்டுக்கிட்டே இருந்தீங்க. சில நாள் புதுசா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். ஓ, அப்பா இன்னிக்குச் சேவு பண்ணிருக்காங்கன்னு நினைச்சுக்கிடுவேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் குளிக்கும்போது காவலுக்கு உட்காருகிற அதே நாற்காலி. அவர் இங்கே உட்கார்ந்து மக்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவள் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சத்தம் நின்றுபோன இடங்கள், அவர் மதி என்று கூப்பிட்ட இடங்கள், அவள் இருக்கேம்ப்பா என்று சொன்ன இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முகத்தைக் காட்டின. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதவு.

“ஏன் சொல்லல?” என்றார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு.”

“சொல்லணும்னு இருக்கும். சொன்னா அப்புறம் உங்க மூஞ்சியப் பாக்கணும்லா.” அவரைப் பார்த்தாள். “இப்ப வெச்சிருக்கீங்களே, இந்த மூஞ்சி. இதைத்தான்.”

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தினமும் பாப்பேன்பா. உள்ள போனதும் மொத வேலை அதான். இருக்கா, இருக்கு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. பாத்துட்டுக் குளிப்பேன். சில நாள் ரொம்ப நேரம் பாப்பேன். நீங்க கூப்பிடுவீங்க.” இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “நேத்துக் குளிச்சிட்டு வந்து, தலை துவட்டி, டீச்சர் ஜாக்கெட்டுக்குக் கை வெச்சுத் தைச்சுக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் ஞாபகம் வருது. இன்னிக்கு நான் மேல பாக்கவே இல்ல. மறந்துட்டேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“மறந்துட்டேன்பா” என்றாள் மறுபடியும், அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல. “ஜாக்கெட்டுக்குக் கழுத்து ரவுண்டா வெக்கவா, பானை வெக்கவான்னு யோசிச்சுக்கிட்டே குளிச்சிருக்கேன். கொஞ்ச நேரம் கைகால் ஓடல. அப்புறம் நேரா போய், முக்காலி போட்டு, ஸ்கேலை விட்டு நெம்பி எல்லாத்தையும் எடுத்து, ஈரத்துணியால தொடச்சும் விட்டுட்டேன். உங்ககிட்ட நேத்தே சொல்லியிருப்பேன், நீங்க வரும்போது தூங்கிட்டேன்.”

முன்னறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். கையில் ஒரு பவுடர் டப்பா. பொங்கலுக்கு முன்பு தீர்ந்துபோன டப்பா, செண்பகம் குப்பைக்கென்று ஒதுக்கி வைத்தது. மூடியைச் சுற்றி பிரவுன் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டியிருந்தாள். டப்பாவின் தோளில் ஒரு மெல்லிய கீறல்வாய், பிளேடு படுத்தபடி உள்ளே போகும், திரும்பி வராது. அதன் வயிற்றில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு மையில் ‘பிளேடு. பிரிக்காதீங்க’ என்று கொட்டையாக எழுதியிருந்தாள்.

“நெறைஞ்சா அப்படியே தனியா குடுத்திரலாம். சும்மா குப்பையோட போட்டா, வண்டியில வார அக்கா கைய விட்டுத்தான் மக்குறது மக்காததுன்னு பிரிக்காங்க. கிழிச்சிரும். சின்னப்பிள்ளையில சொல்லுவீங்களே, அந்த மாட்டுக்குப் பயந்தா போதுமா?” அவள் டப்பாவை நீட்டினாள். “கையில இருக்கிறதையும் போடுங்க.”

தன் வலது கை இன்னும் அந்தக் காகிதத்தைப் பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். நீட்டினார். கீறல்வாய் அங்கே இருந்தது, பிளேடு இங்கே இருந்தது, இரண்டும் சேரவில்லை. ஓடுகிற இன்ஜினுக்கு அடியில் படுத்து நட்டைத் தேடிப் பிடிக்கிற கை, ஒரு பவுடர் டப்பாவின் வாயைக் கண்டுபிடிக்க முடியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்தது. மதி டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது. ஊசி ஏறித் தழும்பான விரல் நுனி, நரம்பின் மேல் அழுத்தமாக உட்கார்ந்தது. பிளேடு ‘டங்’ என்று உள்ளே விழுந்தது.

“ஓட்டை ஆட்டோவுல ஏறுனாப்ல ஆடுதீங்க” என்றாள். “டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். பீரோவுல வைங்க. அம்மாகிட்ட நான் சொல்லுதேன், நீங்க சொல்லாதீங்க, உங்களுக்குச் சொல்லத் தெரியாது. இப்ப நான் குளிச்சிட்டு வந்திருதேன். டீச்சர் பதினோரு மணி பஸ்ஸுக்குப் போறாங்க, ஜாக்கெட்டுக்கு இன்னும் கொக்கி வெக்கல. பாதி மூஞ்சிய அப்புறமா வழிச்சுக்கிடுங்க.”

ரேசர் உள்ளே இருக்கிறது என்று அவர் எழுந்தார். வாஷ்பேசின் விளிம்பிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டார். அவள் நின்று வழி விட்டாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார், அவள் தன் துண்டைக் கதவுக்கு மேல் போட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அடுப்படியில் செண்பகம் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். பாரமாக இருந்தது. அத்தனை மெல்லிசானது சேர்ந்தால் இவ்வளவு பாரம் வருமா? ஆறு மாதம் இது தலைக்கு மேல் இருந்திருக்கிறது. அவள் தலைக்கு மேல். பார்த்தேன், இருக்கு, அவ்வளவுதான் என்கிறாள். எந்த நாள் அவ்வளவுதான் என்று இல்லாமல் போயிருக்கும்? எந்த நாளில் எவ்வளவு நேரம் பார்த்தாள்? நான் கூப்பிட்டது எந்த இடத்தில் போய் விழுந்தது? ஒரு நாள் கூப்பிடத் தாமதித்திருந்தால்? மறந்தேன் என்கிறாள். நானும் மறந்தேன். அதே சொல், அதே வீடு. நாளைக்கு அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்தால்? வந்தால் அங்கே இடுக்கு மட்டும்தான் இருக்கும். இடுக்கைப் பூச வேண்டும், கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் வாங்கி. வேண்டாம், பூசினால் பூசின இடம் தெரியும். பூசாவிட்டால் இடுக்கு தெரியும். உள்ளே மக்கு முங்கியது, தண்ணீர் சரிந்து விழுந்தது, மறுபடி முங்கியது. பிறகு நின்றது. அவர் கதவைப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் இல்லை. அண்ணாந்து பார்க்கிறாளா? வெறும் இடுக்கைப் பார்க்கிறாளா? கூப்பிட வேண்டும். கூப்பிடாதே. வாய் திறந்தது, பெயர் நாக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. மடியில் இருந்த கை மட்டும், அவர் அனுப்பாமலே, டப்பாவைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கியது.

“ஆட்டாதீங்கப்பா!” என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள் மதி. “டேப் பிரிஞ்சிரும்!”